காத்துக் கத்திரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன். என்னோடு இருப்பவர்கள் சுகமா என்பதை நீ தனியாக விசாரித்துக்கொள். போனிலேயே எல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் உளறுவேன், மாப்பிள்ளை வாங்கி, சரி மச்சான், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து எனக்குக் கிடைத்திருக்கிற வாய்ப்பு.

கேன்சர் வந்த பிள்ளைகளை ஏழு நாள் தனியாகக் கூட்டிப்போய் விளையாட விடுகிறார்கள், உன் மகள் சுண்டெலியையும் அனுப்பலாம் என்றதும், "நீ முதல்ல போய்ப் பாத்துட்டு வா, அப்புறம் சொல்றேன்" என்று என்னை அனுப்பினாய். ஊருக்கு நான் தன்னார்வலன். உனக்கு உளவாளி. நீ 'அப்புறம் சொல்றேன்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது தெரிந்தேதான் வந்தேன்.

வந்த முதல் நாளே மானம் போயிற்று. விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளி விடுதிதான் முகாம். அதை நடத்துகிற அம்மாவைப் பிள்ளைகள் கமாண்டர் என்கிறார்கள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'முடி திருத்துபவர்' என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முற்றத்தில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தார். இருபத்து நாலு பேரில் பாதிப் பேருக்குத் தலையில் ஒரு முடி இல்லை. நீச்சல் குளத்தில் குடை விற்கப் போனவன் மாதிரி நின்றேன். வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். பேசத் தெரியும் என்றேன். அது பார்த்தாலே தெரிகிறது என்றார்.

கத்திரிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன். சாயங்காலமே அதைக் கண்டுபிடித்துவிட்டான் ஒருவன். ஏழு வயசு. பின்னால் கைகட்டி நடப்பான், எதற்கும் பெருமூச்சு விடுவான், அதனால் பெயர் தாத்தா. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "பின்னாடி கொஞ்சம் குறைச்சிடுங்க, முன்னாடி கை வைக்காதீங்க" என்றான். தலை வழவழவென்று இருக்கிறது. நான் என்ன செய்வது? துணி கட்டினேன். தண்ணீர் தெளித்தேன். தலைக்கு இரண்டு விரல் தள்ளிக் காற்றிலேயே கத்திரியை ஓட்டினேன். பிடரியில் பவுடர் தட்டிப் பின்னால் கண்ணாடி காட்டினேன். அவன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இடது காதுக்கு மேல இன்னும் தூக்கிட்டு நிக்குதே" என்றான். மறுபடியும் வெட்டினேன், தங்கச்சி. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு கறாரான வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் வாசல் வரைக்கும் வரிசை. எனக்குக் காத்துக் கத்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சலூன் என்றால் ஊர்வம்பு வேண்டும் என்பதால், உட்காருகிறவர் ஒரு வம்பு சொன்னால்தான் வெட்டு என்று நான் சட்டம் போட்டேன். கமாண்டர் ஒளித்து வைத்து மிட்டாய் தின்கிற இடம் இப்போது எனக்குத் தெரியும். இந்த வயசில் எனக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்கவில்லை, உன் அண்ணியிடம் சொல்லாதே.

இனி உன் கேள்விகள். தண்ணீர் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறார்கள், நானே பானையைத் தொட்டுச் சுட்டுக்கொண்டேன். நர்ஸ்கள் இரண்டு பேர், டாக்டர் ஒருவர், எல்லாரும் இங்கேயே தங்கல். மருந்து நேரம் தவறுவதில்லை. கை கழுவாமல் சாப்பாட்டு அறைக்குள் போன ஒரே ஆள் நான்தான், பிள்ளைகள் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினார்கள்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன், வந்தது. செவ்வாய்க்கிழமை மதியம், தாத்தாவுக்கு. படம் வரைந்துகொண்டிருந்தவன் பென்சிலை வைத்துவிட்டுக் குளிருகிறது என்றான். நான் செருப்பு அறுந்தது தெரியாமல் நர்ஸைத் தேடி முற்றம் முழுக்க ஓடித் திரும்பி வந்தால், நர்ஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சல் பார்த்து முடித்திருக்கிறார். உடனே டாக்டர் அவனைக் காரில் ஏற்றினார். இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி, அதற்குள் பெற்றவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் ஒற்றைச் செருப்போடு நின்றேன். இரண்டு நாள் வைத்திருந்து, ஊசி போட்டு, இன்று காலை திருப்பி அனுப்பினார்கள். இறங்கியதும் அவன் கேட்டது, "என் டர்ன்ல யாரு உக்காந்தா?" காய்ச்சல் உன் வீட்டிலும் வரும், தங்கச்சி. அங்கே உன்னோடு பயப்படுவதற்கு நான் ஒருத்தன்தான் இருப்பேன். நான் எப்படிப்பட்ட உதவி என்று இப்போது உனக்குத் தெரியும்.

அடுத்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். உன் அண்ணன் ஒரு பெண்ணின் விக்கை வெட்டிவிட்டான்.

சிரிக்காதே. நம் சுண்டெலியைவிட ஒரு வயசு மூத்தவள், பதினொன்று இருக்கும். தோள் வரைக்கும் அருமையான முடி. நடக்கிற தோரணையில் அவள் பெயர் மகாராணி. நேற்று வந்து உட்கார்ந்து, காது வரைக்கும் வெட்டிவிடுங்கள் என்றாள். நிஜ முடி கிடைத்த சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை, மூக்குக் கண்ணாடியும் பெட்டியில் இருந்தது. தலையைத் தொட்டாலே ஆளைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுவேன் என்று அளந்துகொண்டே இடது பக்கம் முழுக்க வெட்டினேன். பிடரிக்கு வந்து சீப்பை விட்டால் உள்ளே வலை. கை அப்படியே நின்றுவிட்டது. விக் திரும்ப வளராது. அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், மொத்த முகாமும் கூடிவிட்டது.

வேண்டுமென்றேதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "வேணாம் மாமா, நானே சொல்லிக்கிறேன்" என்றவள், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள்: "இது எனக்கு வாங்கினது இல்ல. அம்மாவுக்கு. நான் போட்டிருந்தா அவங்க அழ மாட்டாங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் பேசுகிற நேரத்தில் தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அந்தத் தாய் ஏதோ கேட்க, இவள் சொன்னாள்: "ஆமாம்மா, ரொம்ப அரிக்கும். சொன்னா நீ வருத்தப்படுவியே." அதற்கப்புறம் இரண்டு பேரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். அந்தத் தாய் என்னைப் போனுக்குக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் திட்டினார், எல்லாம் எனக்குப் பொருத்தமான வார்த்தைகள். கடைசியில், உள்ளே வளர்ந்திருக்கிற முடியைப் பிடரியில் கொஞ்சம் ஒழுங்கு செய்துவிடுகிறீர்களா என்று கேட்டார். அந்த விக்கை இப்போது வழுக்கைத் தலைச் சமையல்காரர் போட்டுக்கொண்டு சூப் ஊற்றுகிறார். அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நம் சுண்டெலிக்கு மருந்து முடிந்து நாலு மாசம் ஆயிற்று. தலையில் இரண்டு விரல் உயரத்துக்கு முடி இருக்கிறது, நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், நல்ல அடர்த்தி. இருந்தும் வாசல் மணி அடித்தால் அவள் முதலில் ஓடுவது விக்கை எடுக்கத்தான். யாருக்காக ஓடுகிறாள் என்று நான் இதுவரைக்கும் யோசித்ததில்லை. நீயும் யோசித்திருக்க மாட்டாய். ராத்திரி பகலாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது.

அடுத்த முகாம் பன்னிரண்டாம் தேதி. டாக்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், மாப்பிள்ளையும் போட்டுவிட்டார். உன் கையெழுத்துக்கான இடத்தில் கோடு மட்டும் இருக்கிறது. படிவம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துசேர வேண்டும். நானும் அந்த வாரம் இருக்கட்டுமா என்று கமாண்டரிடம் கேட்டேன், கத்திரியை அவரிடம் ஒப்படைத்தால் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுண்டெலி வந்தால் அவள் மாமா என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், பாவம், அவளுக்கும் மானம் இருக்கிறதல்லவா.

இங்கே முற்றத்தில் பிள்ளைகள் கண்ட மாதிரி ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுந்து மறுபடியும் ஓடுகிறார்கள். நம் பிள்ளைக்கு ஊசியும் குழாயும் போட்ட தழும்பு எத்தனை என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவள் ஏழாம் நாள் வீட்டுக்கு வரும்போது, ஓடி விழுந்து சிராய்த்த ஒரு முட்டியோடு வரட்டும். நீ அதில் மருந்து தடவிக்கொண்டே, எங்கே பார்த்து ஓடினாய் என்று அவளைத் திட்டு. அந்தத் திட்டு உனக்குச் சீக்கிரம் வாய்க்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்