மெக்கர் பையில் இருந்த சீட்டு

இன்று காலை மெக்கர் பைக்குள் கிளிப் ஒயரைத் தேடிக் கை விட்டேன். உங்கள் சீட்டுதான் கையில் வந்தது. நெஞ்சுவலிக்கு உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி மரக்காணத்து டாக்டர் எழுதியது. நாலாக மடித்து அடி ஜிப்புக்குள் வைத்திருக்கிறீர்கள். தொலைந்துபோச்சு என்று என்னிடம் சொன்னீர்களே! உப்பளத்து வரப்பில் நின்ற எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நம் மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது நான், உப்பளத்தில் மோட்டார் மாட்டுவது நீங்கள். மழைக்காலமெல்லாம் சும்மா கிடந்த மோட்டாரை, கரன்ட் கசியுமா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஓட்ட விடமாட்டீர்கள். மெயினை அணைத்து, மூன்று ஃபியூஸ் கட்டையையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வீர்கள். டெஸ்டரில் கரன்ட் இல்லை என்று பார்த்த பிறகே ஒயரைக் கழற்றுவீர்கள். முனையில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் துடைத்து, ஒரு கிளிப்பைக் காயிலுக்கும் இன்னொன்றை மோட்டார் உடம்புக்கும் கொடுப்பீர்கள். நான் கிட்டே வந்தால் போதும், "தள்ளி நில்லுடி, இதுவே ஐந்நூறு வோல்ட் வுடுது" என்று கத்துவீர்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரன்ட் உடம்புக்குக் கசிகிறது, மோட்டார் ஓடக்கூடாது. அவ்வளவுதான் உங்கள் சட்டம்.

"ஓடுதுல்லபா, வுடு" என்பார்கள் உப்பளக்காரர்கள். "ஓடுதுன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமா? வெறுங்காலோட தண்ணில நிக்கிறது நீயா?" என்று எகிறுவீர்கள்.

அந்த வாய்தான், நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னது: "ஓடுதுல்ல, ஓடட்டும் வுடு." அந்த வாரமே ஸ்டார்ட்டர் பெட்டி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கரன்ட் அடித்துவிட்டது என்று ஊரே பேசியது. உங்கள் சட்டைப்பையில் இருந்து மூன்று கட்டையையும் எடுத்துக் காட்டினேன். கரன்டிடம் நீங்கள் ஏமாறவில்லை என்று நிரூபித்து எனக்கு என்ன கிடைத்தது?

இன்று போனது கூனிமேட்டுப் பக்கம். பைப்பைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பாத்தியில் வேலை செய்யும் பெண்கள் சொன்னார்களாம். கட்டைகளை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு பார்த்தேன். மெக்கர் அரை மெகா ஓம்கூடக் காட்டவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சிக்கா. சாயங்காலம் வரைக்கும் போட்டு வுடுங்க" என்று உப்பளக்காரர் கட்டைக்குக் கை நீட்டினார்.

"மோட்டார கழட்டிக் கடைக்கு அனுப்புங்க. காய வெச்சி, திரும்பப் பாத்துட்டுத்தான் கட்டை தருவேன்."

"அண்ணனவிட நீங்க மோசம்க்கா."

அவர் சொன்னது தப்புங்க. மோசமாக இருந்திருந்தால் உங்கள் சட்டையைப் பிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேன். தொலைந்துபோச்சு என்றதும் நம்பிவிட்டு உலை வைக்கப் போனவள் நான்.

சீட்டைக் கிழிக்க மனசு வரவில்லை. அதே ஜிப்புக்குள் வைத்துவிட்டேன். அடுத்து யாராவது "ஓடுதுல்ல" என்றால், மெக்கரை எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுத்துக் காட்டப் போகிறேன்.