நாக்கு துருத்திய வேர்

பாகலூர் சாலையில் புதிதாகக் கட்டும் வீடொன்றின் முன்னால் இன்று ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. கோரைப்பல்லுக்கு மேலே கூலிங் கிளாஸ், உதட்டில் ரோஸ் சாயம். படம் எடுத்து உனக்கு அனுப்பப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. நீ இல்லை என்பது எனக்கு இன்னும் புதுச் செய்தியாகவே இருக்கிறதடி.

நாம் இருந்த ஒற்றை அறையின் அலமாரியில் நம் துணிக்கு ஒரு தட்டு. மிச்சமெல்லாம் உன் விசித்திரங்களுக்கு. ஜவுளிக்கடை பொம்மையின் உடைந்த கை, முதுகில் தும்பிக்கை முளைத்த மண் யானை, பர்கூர் குவாரிப் பக்கம் பொறுக்கிய கொட்டாவி விடும் கல். "எதுக்குடி இந்தக் குப்பை?" என்றால், "கம்பெனில நாள் முச்சூடும் ஒரே மாதிரி பீஸையே பாக்கறோம். வூட்லயாவது நாலு கோணலா இருக்கட்டுமே" என்பாய். அவற்றைப் பார்த்துப் பார்த்து நீ வரைந்த மிருகங்கள் சுவரெல்லாம் இருந்தன.

தலை வலிக்கிறது என்று கம்பெனி கேண்டீன் பெஞ்சில் சாய்ந்தாய். எழவே இல்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். உனக்காக வாங்கிய டீ என் கையில் சூடாகவே இருந்தது.

காரியம் முடிந்ததும் சிங்காரப்பேட்டையிலிருந்து உன் அம்மா சாமான் எடுக்க வந்தார். அலமாரியைத் திறந்தபோது, கூட நின்ற வீட்டுக்காரம்மா அலறினார்: "ஐயய்யோ, மாட்டமந்த்ரா! சூனிய சாமானு!"

உன் அம்மாவின் முகம் வெளுத்தது. "இந்தப் பீடைங்கதான் எம்பொண்ண முழுங்கிடுச்சு" என்று ஒவ்வொன்றாக வாசலில் வீசினார். யானை உடைந்தது.

நாக்கைத் துருத்திய முகம் போலிருக்குமே ஒரு புளியமர வேர், அதை ஓங்கியபோதுதான் கத்தினேன். "வேணாம்மா! அது நீங்கதானாம். 'கோவம் வந்தா எங்கம்மா இப்படித்தான் நாக்கத் துருத்தும்'னு சொல்லி, அதுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுதான் வேலைக்கு வருவா."

ஓங்கிய கை நின்றது. வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். மகளைப் பறிகொடுத்தவரிடமிருந்து அப்படியொரு சிரிப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை.

"திருட்டுக் கழுத... என்னையா வச்சிருந்த?"

சிரிப்பு அழுகையாகி ஓய்ந்தது. பிறகு அவரே வாசலுக்குப் போய், வீசியதையெல்லாம் பொறுக்கினார். வேரை மடியில் கட்டிக்கொண்டார். மற்றதை என் பக்கம் நகர்த்தி, "நீயே வச்சுக்க கண்ணு" என்றார்.

வைத்திருக்கிறேன். யானையை ஒட்டியும் விட்டேன். தும்பிக்கை இன்னும் கோணலாகிவிட்டது, உனக்குப் பிடிக்கும்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தார். "கண்ணு, தோட்டத்துல ஒரு கத்திரிக்கா மனுசனாட்டம் மூக்கு வச்சிருக்குது. வாடிப்போறதுக்குள்ள வந்து பாரு."

லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.