தக்கையைப் பிடுங்காதீர்கள்

நவம்பர் 4

மறுபடியும் குளியல் தொட்டியின் தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். இந்த முறை டச்சுக்காரத் தம்பதி. நல்லவர்கள்தான், குளித்து முடித்துத் தொட்டியைத் துடைத்து வேறு வைத்திருக்கிறார்கள், எனக்கு உதவியாம்! விடுதியில் இருக்கிற எல்லோருக்கும் அந்த ஒரு தொட்டி வெந்நீர்தான், வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது.

விருந்தாளிகள் குளித்த பிறகு கடைசியாக இறங்குவது என் வீட்டுக்காரர் மொரியோ. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற மனிதர், அவர் இடுப்புக்கு அது ஒன்றுதான் மருந்து. துண்டோடு போனவர் துண்டோடு திரும்பி வந்தார்.

"இன்னொரு தடவ காலித் தொட்டியப் பாத்தேன், அன்னைக்கே வெளிநாட்டுக்காரங்களுக்குக் கதவ சாத்திடுவேன் ஷிசுனோ."

சாத்தினால்? நம் ஜனங்கள் இந்த மலைக்கு வருவதை விட்டு எவ்வளவோ காலமாயிற்று. வெளியாட்கள் வரவில்லையென்றால் விடுதியை மூட வேண்டியதுதான். சொன்னேன். "மூடிட்டு உன் தங்கச்சி ஊருக்குப் போயிடலாம்" என்கிறார். நான் போகமாட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பெருக்கித் துடைத்த வீடு இது.

நவம்பர் 6

அறிவிப்பு எழுதினேன். நான் எழுத எழுத செல்போன் மொழிபெயர்த்துத் தந்தது. 'தக்கையைப் பிடுங்காதீர்கள்' என்று ஆரம்பித்ததுதான், கை நிற்கவில்லை. கழிப்பறைச் செருப்போடு சாப்பாட்டு அறைக்கு வராதீர்கள். பாய்த்தரையில் பெட்டியை உருட்டாதீர்கள். குளியல் அங்கியை வலப்பக்கம் மேலே வரும்படி கட்டாதீர்கள், அது பிணத்துக்குக் கட்டுவது. தலையணைக்கு அடியில் டிப்ஸ் பணம் வைக்காதீர்கள். (போன மாதம் ஒருவர் வைத்துவிட்டுப் போக, மொரியோ அதைத் திருப்பிக் கொடுக்க ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிளில் துரத்தினார். அந்த ஆள் பயந்தே போனாராம்.) பச்சை குத்தியவர்கள் தொட்டியில் இறங்காதீர்கள்.

கடைசி வரி எதற்கு? இங்கே உடம்பில் பச்சை குத்திக்கொள்வது ரௌடிகள், அவர்களுக்காக வந்த விதி. என் வீட்டுக்கு எந்த ரௌடி வரப்போகிறான்? எல்லாப் பொதுக் குளியலறையிலும் போட்டிருக்கிறது, நானும் போட்டேன்.

நவம்பர் 7

ஒட்டியாயிற்று. மொரியோ சுற்றிப் பார்த்துவிட்டு, "இது வீடா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றார். பேசாமல் போய் முள்ளங்கியை நறுக்குங்கள் என்றேன்.

நவம்பர் 11

முதல் பனி. உருகுவே நாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார், தனியாக. கிராசியேலா என்று பெயர். என் வயதுதான் இருக்கும். காலணியைக் கழற்றி, நம் வழக்கப்படி முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்! அறிவிப்பு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று செல்போனைக் காட்டிக் காட்டிப் படித்தார். எனக்கு ஒரே பெருமை.

நவம்பர் 12

நேற்றும் குளிக்கவில்லை, இன்றும் குளிக்கவில்லை. கொடுத்த துண்டு மடிப்புக் கலையாமல் இருக்கிறது. தாழ்வாரத்துக் குழாயில் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்குமே!

"குளிருக்கு பயந்துட்டாங்க போல" என்கிறார் மொரியோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவர் இறங்கிய தண்ணீர் என்று அருவருப்பு. அப்படித்தான் இருக்கும். அவ்வளவு சுத்தக்காரியா?

நவம்பர் 13

கேட்டேவிட்டேன், செல்போன் வழியாக. அவரும் தன் செல்போனில் பேசினார். அது செய்தி வாசிக்கிற குரலில், "விதியை மீற எனக்கு விருப்பமில்லை" என்றது. பிறகு அங்கியின் கழுத்தை விலக்கிக் காட்டினார்.

இடது மார்பு இல்லை. நீளமாகத் தழும்பு. தழும்பை மறைத்து ஒரு கிளையும் நிறைய சிவப்புப் பூக்களும் பச்சை குத்தியிருந்தது. "கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வேண்டியிருந்தது" என்றது செல்போன்.

அடிப்பாவி ஷிசுனோ! என்ன எழுதித் தொலச்ச நீ?

அந்த வரியை அவர் கண் முன்னாலேயே கிழித்தேன். கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனேன். "இறங்குங்க, நல்லா ஊறுங்க" என்றேன். நம் பாஷைதான், புரிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் தொட்டி விளிம்பில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. நிம்மதியாகச் சமையலறைக்கு வந்தேன்.

பிறகு மொரியோ துண்டோடு போனார். தொட்டி காலி.

தீர்ந்தது, நாளையே கதவைச் சாத்திவிடுவார். இந்தப் பெண்ணா பிடுங்கினார், அத்தனையும் படித்தவர்? ஈரத் தலையோடு தாழ்வாரத்தில் நின்றிருந்தார். செல்போன் சொன்னது: "என் உடல் பட்ட நீரில் உங்களை இறங்கவிட மனம் வரவில்லை. அதனால் திறந்துவிட்டேன். மன்னியுங்கள்."

மொரியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. தனியே கூப்பிட்டுத் தழும்பைப் பற்றிச் சொன்னேன். அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் இருக்காங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 14

மத்தியானமே கொல்லைப்புறம் போய், கொட்டுகிற பனியில் வெந்நீர் அடுப்புக்கு விறகு போட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு அவங்கதான் முதல்ல. தண்ணிய அப்படியே விட்டுட்டு வரச் சொல்லு. அடுத்து நான் இறங்கணும்."

"நீங்க கடைசியாத்தானே..."

"எங்கிட்ட விதி பேசாத. சொல்லு போ."

செல்போனில் அதை அப்படியே சொன்னேன். கிராசியேலா திரும்பத் திரும்ப வாசித்தார். குளித்துவிட்டு வந்து தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டார், மொரியோ நிஜமாகவே இறங்குகிறாரா என்று பார்க்க. கதவுக்குப் பின்னாலிருந்து மொரியோவின் "ஹாஆ..." வந்தது, ஊருக்கே கேட்கிற மாதிரி. இத்தனை சத்தமாக அவர் என்றைக்கும் விட்டதில்லை.

முகம் சிவந்து வெளியே வந்தார். கிராசியேலாவுக்குக் குனிந்து வணங்கி, "நல்ல தண்ணி" என்றார். செல்போனில் சொல்லக்கூட இல்லை. அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இவர்மீது எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பது எனக்கே மறந்திருந்தது.

மார்ச் 2

அடுத்த வாரம் பெரு நாட்டிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. "மீன் சாப்பிடுவாங்களா, கேட்டியா?" என்று மொரியோ நேற்றிலிருந்து நச்சரிக்கிறார்.

செருப்பு, பெட்டி, அங்கி எல்லாவற்றையும் வாசலிலேயே நான் நடித்துக் காட்டிவிடுகிறேன். பிணக்கட்டுக்கு நாக்கை வேறு வெளியே தள்ளிக் காட்டுவேன், சிரிக்கிறார்கள். சுவரில் இப்போது ஒரே ஒரு காகிதம்தான், குளியலறைக் கதவில். மொரியோ தூரிகையால் எழுதியது, கீழே செல்போனைப் பார்த்து இங்கிலீஷில் நான் எழுதியது. அதற்குப் பிறகு யாரும் தக்கையைத் தொடவில்லை.

'உங்களுக்கு அடுத்து நாங்கள் இறங்குவோம். தண்ணீரை எங்களுக்கு விட்டு வையுங்கள்.'