படத்தில் மட்டும் திரும்பி வரும் அப்பா

என் பிரியமான அண்ணே,

நீ கண்ணை மூடி வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உன் நாவலைப் படமாக்க ஒருவன் வந்துவிட்டான். பூன் லே வட்டாரத்தில் வளர்ந்த பையன், குறும்படங்கள் எடுத்தவனாம். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன் என்றான். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. கூடப் பிறந்த நானே ஒரு தடவைதான் படித்திருக்கிறேன்.

ஜாலான் புசார் காப்பிக்கடையில் சந்தித்தோம். வாய் நிறைய ஆன்ட்டி, ஆன்ட்டி. நம் தோ பாயோ வீடு, அக்டோபரில் வீடு வீடாக நடக்கும் செபமாலை, நம் வீட்டு முறை வரும் அன்று அம்மா காலியாகப் போட்டுவைக்கும் நாற்காலி, எல்லாம் அப்படியே இருக்கும் என்றான். முதலில் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்?

கோவில் சனங்கள் அந்த நாற்காலியை மாதாவுக்கு விட்ட இடம் என்றே நினைத்து, பூ கூட வைத்தார்கள். வீட்டை விட்டுப் போன அப்பாவுக்காக அம்மா போட்டது என்று நீ எழுதிய பிறகுதான் தெரிந்தது. எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அம்மா மட்டும்தான், "உள்ளதைத்தானே எழுதியிருக்கான்" என்றார்.

பையன் டீயைக் கலக்கிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"ஆன்ட்டி, எண்டிங் மட்டும் கொஞ்சம் மாத்தலாம் லா. அப்பா திரும்பி வந்து அந்த நாற்காலியில உட்கார்றாரு. டயலாக் கூட வேணாம்."

"அவர் வரவே இல்லையே தம்பி. அம்மா பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தாங்க."

"படத்துலயாவது வரட்டுமே ஆன்ட்டி. ஜனங்க மனசு நிறைஞ்சு வீட்டுக்குப் போவாங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

திட்டிவிட்டு எழுந்திருப்பேன் என்றுதானே நினைக்கிறாய்? எழவில்லை, அண்ணே. அம்மா பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. எனக்கே இப்படி என்றால், அம்மாவைத் தெரியாதவர்கள் அதையே உண்மை என்று வைத்துக்கொள்ள மாட்டார்களா? அப்புறம் அம்மா காத்திருந்த வருஷங்கள் யாருக்குத் தெரியும்?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். நல்ல பையனாகத்தான் தெரிகிறான், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. மறுபடி வருவான், இன்னும் நயமாகப் பேசுவான்.

படமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அம்மாவாக யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும். ஆனால் எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அப்பாவை அந்த வீட்டுக்குள் விடமாட்டேன்.

உனக்குப் பின் பிறந்த ஒரே தங்கை