வெள்ளிக்கிழமை ஏழரைக்கு, உன் நைனாவின் கொல்லையில்

உன் நைனா சரின்னுட்டார்டி, வர்ற வெள்ளிக்கிழமை சாயந்திரம் உங்க மண்டகப்பட்டு கொல்லையில நாம கேட்டபடியே ஓரியன் நெபுலாவைப் பாக்கப் போறோம், நிஜமாத்தான்!

இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? இன்று காலை பைனாகுலரைத் துடைக்க உறையைத் திறந்தேன். குப்பென்று குங்கும வாசனை. கண் வைக்கிற ரப்பர் வளையத்தில் சிவப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. போன மாசி அமாவாசைக்கு மேல்மலையனூரில் நெற்றி நிறைய வைத்துக்கொண்டு நீ எட்டிப் பார்த்தபோது ஒட்டியது.

வானம் பார்க்கிறவர்களின் ஆன்லைன் குழுவில் "செஞ்சியில யாராவது இருக்கீங்களா?" என்று நான் கேட்டதும், "பஜார்ல பாத்திரக் கடை. நீ எந்தத் தெரு?" என்று பதில் போட்டவள் நீ. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு அத்தனை நாள் தெரியாமலே இருந்திருக்கிறோம்.

நெபுலா பார்க்க அமாவாசைதான் நல்லது என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். இருட்டிய பிறகு நம்மை வெளியே விடுவதும் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற அந்த அமாவாசைக்கு மட்டும்தான். இரண்டும் ஒரே நாளில் அமைந்ததே, என்ன அதிர்ஷ்டம் என்று குதித்தோம். அன்றைக்கு அந்த ஊருக்கு எத்தனை ஸ்பெஷல் பஸ் வரும் என்று நம் தாலுகாவில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். நமக்குத்தான் தோன்றவில்லை.

சாமி பார்த்துவிட்டு, வீட்டார் திரும்பும் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் ரோட்டோர மல்லாட்டைக் கொல்லைக்கு நழுவி, கடலைச் செடிகளுக்கு நடுவில் நின்றோம். கண் இருட்டுக்குப் பழகும் முன்பே ஒரு பஸ். பழக ஆரம்பித்தால் இன்னொரு பஸ்.

"இன்னாடி இது, ஒவ்வொரு பஸ்காரனும் நம்மளையே பாத்து லைட் அடிக்கறான்!" என்றாய்.

"நீ வாய மூடிக்கினு மேல பாரு. மூணு நட்சத்திரம் வரிசையா இருக்குதா? அதுக்குக் கீழ."

இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பார்த்துவிட்டாய்.

"அவ்ளோதானா? ரீல்ஸ்ல ரோஸ் கலர்ல இருந்துச்சு. இது இன்னா, யாரோ விரலால விபூதி தடவுன மாதிரி இருக்குது." சிரித்தாய். பிறகு பைனாகுலரைக் கீழே இறக்கவே இல்லை. "இல்லடி, நல்லாருக்குது. இத ஒரு தடவையாவது நல்ல இருட்டுல பாத்துடணும்."

மறுவாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்னும் வைத்திருக்கிறேன். "ஏய், நமக்கு நிலா இல்லாத ராத்திரி எதுக்கு? நிலா இல்லாத சாயந்திரம் போதும்டி. அமாவாசைக்கு நாலு நாள் முன்னாடி பாரு, நிலா விடியற நேரத்துலதான் வரும். ஏழரைக்கு ஓரியன் உச்சியில நிக்குது. கூட்டமும் இல்ல, பஸ்ஸும் இல்ல!"

ஒரு வீடியோவிலும் யாரும் சொல்லாததை நீயே யோசித்திருந்தாய். நேரம் சரியாகிவிட்டது, இடமும் ஊருக்கு வெளியே இருக்கிற உங்கள் கொல்லைதான். கேட்டதற்கு உன் நைனா, "பொட்டப் புள்ளைங்களுக்கு இருட்டுல அங்க இன்னா வேலை? மொட்ட மாடியில நின்னு பாருங்க" என்றார். "மாடிக்கு நேரா உன் கடை போர்டுதான் நைனா எரியுது" என்று நீ சொன்னதற்கு அவரே சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை.

வெயில் வந்ததும் ஓரியன் மறைந்துவிட்டது. அடுத்த மாசிக்குள் நைனாவைக் கரைத்துவிடலாம் என்றாய். ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே வாரம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

மாசி இதோ வந்துவிட்டது. நேற்று பைனாகுலரோடு உங்கள் கடைக்குப் போனேன். ஒரு அம்மா குக்கருக்குப் பேரம் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, நீ போட்ட கணக்கை அப்படியே சொன்னேன். உன் நைனா குண்டானைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்குப் பேரு இன்னாம்மா சொன்ன?"

"நெபுலா, அப்பா."

"இவ்ளோ தூரம் போயி பாக்கறீங்களே, அது இன்னா பண்ணும்?"

"அதுக்குள்ளதான் புதுசு புதுசா நட்சத்திரம் பொறக்குது."

குண்டான் எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டது. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"மோட்டார் கொட்டாயில ஒரு லைட்டு எரியும். நான் வந்து அணைச்சிடறேன். மொதல்ல எனக்குக் காட்டு."

உன்னிடமிருந்து எனக்கு ஒன்று தொற்றிக்கொண்டது தெரியுமா? பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் எல்லோரும் போனைப் பார்க்க, நான் வெளியே எங்கே இருட்டாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருகிறேன். இப்போது ஊரைச் சுற்றி எனக்குத் தெரிந்த நல்ல இருட்டு நிறைய இருக்கிறது. சந்தோஷமாகவே இருக்கிறேன்டி.

இந்த மடலைக் குழுவிலும் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. செஞ்சிக்காரர்களே, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். வீட்டில் யாரை வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள். ஓரியன் உச்சியில் இருக்கும், கழுத்து வலிக்கும், பாய் எடுத்து வாருங்கள். கொல்லையில் யாரும் டார்ச் அடிக்கக் கூடாது. வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள். வர முடியாதவர்கள் மற்றவர்களுக்கு அனுப்புங்கள். பைனாகுலர் ஒன்றுதான், வரிசையில்தான் பார்க்க வேண்டும். முதல் இடம் அவள் நைனாவுக்கு. இரண்டாவது யார்?