நோட்டில் ஏறாத பொங்கல்

அக்கா,

நேற்று தி. நகரில் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், ஆறு மாத வயிறு, கையில் குளுக்கோஸ் தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த அந்த வாசனை எனக்குப் பழக்கமானது. "மூக்கப் பிடிச்சிக்கினு ஒரே மூச்சுல இழுத்துடு. மருந்துன்னு நெனைக்காத, கல்யாண வீட்டு ஜூஸுன்னு நெனச்சிக்கோ" என்று, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே குடித்து முடித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் அத்தைக்கு மூத்த மருமகள் நீங்கள், இளையவள் நான். அப்போது என் வயிற்றில் இருந்தது, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. உங்களுக்கு அதுவும் இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் நான் அழுதேன். "இது யார் செஞ்ச தப்பும் இல்லம்மா. சிலருக்கு வரும். சாப்பாட்டப் பாத்துக்கிட்டா பாதி கவலை இல்ல" என்றார் அவர். சாப்பாடு என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "அத என்கிட்ட உடுங்க டாக்டர்."

மறுநாளிலிருந்து எவர்சில்வர் டம்ளரால் சோற்றை அளந்தீர்கள். காலையில் இரண்டு இட்லி அல்லது ஒரு கம்பு அடை. மதியம் தட்டில் பாதிக்குமேல் காய். நான் மட்டும் அப்படித் தின்றால் ஏங்கிப்போவேன் என்று நீங்களும் அதையே தின்றீர்கள். "வாடி, ரெண்டு பேரும் மாடாட்டம் கீரை மேயலாம்" என்று கூப்பிடுவீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் ஆஸ்பத்திரியில் கொடுத்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்து வரிக்கு வரி படித்து, ஒரு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். விரலில் குத்திப் பார்த்த அளவு ஒரு பக்கம், தின்றது என்ன, எவ்வளவு என்பது இன்னொரு பக்கம். கறிவேப்பிலைத் துவையல் ஒரு ஸ்பூன் என்றுகூட எழுதினேன். "டாக்டரே உன்கிட்ட வந்து கத்துக்கணும்டி" என்று கேலி செய்தீர்கள்.

மார்கழி வந்தது. முப்பது நாளும் விடியற்காலையில் கோயிலுக்குப் போவதாக, வயிற்றுப் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டிருந்தேன். தினமும் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பிரகாரத்திலேயே நின்று தின்றுவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் டிபன் கொடுப்பீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்ப்போம்.

பொங்கலை நான் நோட்டில் எழுதவில்லை. சாமி கொடுத்தது சாப்பாட்டில் சேராது, அது உடம்பில் சர்க்கரையாக ஏறாது என்று நிஜமாகவே நம்பினேன். முதல் வாரம் நம்பினேன். நூற்றுப் பத்தில் இருந்தது நூற்று எழுபதாக ஏறியபோது சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த பிறகும் தின்றேன். பிரசாதத்தை வேண்டாம் என்றால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் ஒரு பக்கம். இரண்டு மாதமாக இனிப்பையே காணாத நாக்கு இன்னொரு பக்கம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்த டாக்டர், "வீட்டுல யார் சமைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றீர்கள்.

"காலை டிபன்லதாம்மா எங்கயோ தப்பு. இந்த அளவு சாப்பிட்டா இவ்வளவு ஏறாது. கொறையலன்னா இன்சுலின்தான்."

நான் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் மாவை நீங்களே அரைத்தீர்கள், அரிசியைக் குறைத்து, உளுந்தைக் கூட்டி. இட்லி தட்டையாய், ஒட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. இன்சுலின் ஊசி ஆரம்பித்த அன்று, அத்தை உங்கள் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். "ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும், வயித்துப்புள்ளக்காரிக்கு இன்னா ஆக்கிப் போடறதுன்னு."

நீங்கள் பால்கனிக்குப் போய், கொடியில் காய்ந்திருந்த துணியை எல்லாம் எடுத்து மடித்து, மடித்ததைப் பிரித்து மறுபடியும் கொடியிலேயே போட்டீர்கள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும், அத்தையின் வாய் அடைத்திருக்கும். அன்றும் சொல்லவில்லை.

மாசியில் பெண் பிறந்தாள், நான்கு கிலோவுக்குமேல். பிறந்ததும் அவளுக்குச் சர்க்கரை இறங்கிப்போய், இரண்டு நாள் பச்சைக்குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அத்தைக்குப் பயந்து நீங்கள் கிட்டே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றீர்கள். வருஷம் திரும்புவதற்குள் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஆதம்பாக்கத்துக்குக் குடிபோனீர்கள். இடம் போதவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னீர்கள்.

கடைசியில் நீங்கள் அடையாறு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் பகலில் நாம் இருவரும் தனியாக இருந்தோம். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டீர்கள்: "ஏண்டி, அப்போ நான் இட்லில எதுனா தப்பு பண்ணிட்டேனா? இப்பவும் யோசிக்கிறேன், ஒண்ணும் புரியல."

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா, பழத்தச் சாப்பிடுங்க" என்றேன்.

பன்னிரண்டு நாளில் போய்விட்டீர்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் வந்துகொண்டுதான் இருந்தேன். சொல்ல நேரம் இல்லை என்று எந்தச் சாமி முன்னாலும் என்னால் சொல்ல முடியாது.

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண், என் கையிலிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். வருஷா வருஷம் எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். அவளைச் சுமந்தபோது சர்க்கரை வந்தது, அப்படி வந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.

"தெரியும். பெரிம்மா சோறு அதிகமாப் போட்டு உனக்கு ஏத்தி உட்டுட்டாங்க, அதனாலதான் என்ன கண்ணாடிப் பொட்டில வெச்சாங்க. ஆயா சொல்லிக்கீறாங்க."

டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தை திரும்பவில்லை. அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன், தொன்னையிலிருந்து ஆரஞ்சு வரைக்கும். பொங்கலால் மட்டும் வந்த வினையோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மறைத்தது நான்.

அத்தை டிவி சத்தத்தைக் குறைத்தார். "இத்தினி வருசம் வாயில இன்னாடி வெச்சிக்கினு இருந்த?" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிம்மாகிட்ட சொன்னியாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலையில் என்னிடம் தலை பின்னிக்கொள்ள வரவில்லை. கோணல் வகிடோடு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

உங்கள் பக்கம் நின்று இந்த வீட்டில் ஒருத்தி கோபப்பட்டிருக்கிறாள், அக்கா. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சாயங்காலம் வருவாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.