கேட்டுப் போட்ட பாவு

செவ்வாய்க்கிழமை, இரவு

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு இன்று வந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம். எங்கள் வீட்டை ஒட்டிய சந்தில் பக்கத்து வீட்டு நெசவாளர் ஏழுமலைக்கு உரிமை இல்லையாம். கீழ்க்கோர்ட் அவருக்குச் சாதகமாகச் சொன்னது ரத்து.

மகன் போனில் படித்துக் காட்டினான். ஏழுமலை ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுத்தான் சந்தில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டினாராம். அனுமதி கேட்டு அனுபவித்தது உரிமை ஆகாதாம். ஆதாரம், என் சாட்சியம். அவர் மரியாதை தெரிந்த மனிதர் என்று காட்டத்தான் கூண்டில் அதைச் சொன்னேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

சாயங்காலம் ஏழுமலை வாசலுக்கு வந்தார்.

“கேட்டுக்கினு செய்டான்னு எங்கப்பா வளர்த்தாரு சார். அதுவே ஆப்பு வெச்சிட்ச்சு.”

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

“காலைல பாவு போடணும். தெருவுல வண்டிங்க வுடாது. உங்க சந்துதான் இருக்குது. கேக்கவும் பயமா இருக்குது, கேக்காம இருக்கவும் பயமா இருக்குது.”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

சந்துக் கதவை இன்றே பூட்டச் சொல்லியிருக்கிறான் மகன். பூட்டோடு இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லிக்கொள்ளலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஏழுமலை காலையில் வந்து என் கதவைத் தட்டிக் கேட்காமல் இருக்க வேண்டும். கேட்காமலே உள்ளே போய்விட வேண்டும்.